சிரியஸுக்குப் பக்கத்தில் அப்பா பார்த்தது

“எனக்கு ரெண்டு தெரியுது, நான் கீழ போறேன்” என்று சொல்லிவிட்டு அப்பா மொட்டைமாடியில் பாயை விட்டு எழுந்தார். அந்த நொடியில்தான் எனக்கு அந்த எண்ணம் தட்டியது. அப்பா பொய் சொல்லவில்லை என்றால்?

அதுவரை அது எங்கள் வீட்டில் வெறும் வேடிக்கை. பொழுது சாயும் நேரத்தில் ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் இன்னொன்றையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் படியில் கால் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆகாது. உங்கள் வீடுகளிலும் இது இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் ஊர்களில் இரண்டாவது நட்சத்திரம் சீக்கிரம் கிடைத்திருக்கும். கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குத் தெற்கே ஒட்டினாற்போல இருந்த எங்கள் தெருவில், அது லேசில் கிடைக்காது. வடக்கு வானம் எப்போதும் செங்கல் நிறத்தில் இருக்கும். ஆலைகளில் உலையின் மூடி திறக்கும்போதெல்லாம் ஒரு தரம் சிவந்து அடங்கும். நானும் அம்மாவும் கொடியிலிருந்து துணிகளை எடுத்து உதறிக்கொண்டே, உதறுகிற துணியிலிருந்து கறுப்பு மாவு மாதிரி ஒன்று கொட்ட, கழுத்து வலிக்க இரண்டாவதைத் தேடுவோம். அப்பா மட்டும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். “ரெண்டு” என்பார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். “ஏமாத்திக்கினு போறாரு பாரு உங்க நைனா” என்று அம்மா சிரிப்பாள்.

அன்றைக்கு அவர் படியருகே நின்று கூடுதலாக ஒன்று சொன்னார். “பெருசுக்குப் பக்கத்துலயே குட்டி ஒண்ணு ஒட்டிக்கினு கீது பாரு, பாப்பா.” பார்த்தேன். தென்கிழக்கில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. எவ்வளவு கண்ணை இடுக்கினாலும் ஒன்றுதான்.

பொங்கல் முடிந்து, மழைக்காலத்து ஈரமும் போய், வானம் கொஞ்சம் தெளிந்திருந்த பருவம் அது. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதிலேயே பழங்கதையா என்று நம் வானம் பார்க்கும் குழுவில் நீங்கள் கேலி செய்வது காதில் விழுகிறது. நம்மில் ஒருவருக்கும் இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் போன வாரம் நான் ஒரு யோசனையைச் சொல்லிவிட்டு, மறுநாளே அதே வாயால் வேண்டாம் என்றும் சொன்னபோது, “இதில் என்ன இவ்வளவு குழப்பம்?” என்று கேட்டீர்கள். நேராகப் பதில் சொல்ல வரவில்லை. அந்த ஒரு பருவத்தைச் சொன்னால்தான் வரும் போலிருக்கிறது.

அப்பா பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றில் உலைக்காரர். மெல்ட்டர் என்பார்கள். கொதிக்கிற இரும்பின் முகத்தைப் பார்த்து, கசடு மிதக்கிறதா, பதம் வந்துவிட்டதா என்று சொல்கிற வேலை. பதம் வந்ததும் மேலே கிரேனில் இருப்பவருக்குக் கை காட்டுவார். கிரேன் ஒரு பெரிய இரும்புத் தொட்டியைத் தூக்கிவந்து உலையின் வாய்க்கு நேராக நிறுத்தும். உருகியது அதில் கொட்டும். கை காட்டுவதில் ஒரு சாண் தவறினால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கிரேனை ஓட்டியவர் என் மாமா, அம்மாவின் அண்ணன்.

அந்த மார்ச்சுக்குள் அப்பாவைப் போர்மேன் ஆக்கிவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. காண்டிராக்டில் சேர்ந்து அவ்வளவு தூரம் வந்தவர் எங்கள் தெருவில் வேறு யாரும் இல்லை. தாத்தா ஆரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். அதனால் போர்மேன் என்ற சொல்லை அம்மா சாமி பெயர் மாதிரி மெதுவாகத்தான் உச்சரிப்பாள். சத்தமாகச் சொன்னால் ஓடிப்போய்விடும் என்பது போல.

உலைக்குள் பார்ப்பதற்கென்று மரச்சட்டத்தில் பதித்த நீலக் கண்ணாடி ஒன்று உண்டு. அப்பாவுடையது விரிசல் விட்டுப்போய் எனக்கு விளையாடக் கிடைத்தது. அதன் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டுக் கோழி நீலம், தட்டில் இருக்கும் சாம்பார் நீலம், அம்மாவின் கோபம்கூட நீலம். புதுக் கண்ணாடி வர நாளாகும் என்று ஆலையில் சொல்லியிருந்தார்கள். அதுவரைக்கும் எப்படிப் பார்ப்பீர்கள் என்று அம்மா கேட்டதற்குப் பழகின கண்தானே என்றார் அப்பா. நாங்கள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டோம். அந்தக் கண்ணாடி பின்னால் வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பேன். கிடைத்தால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரிடம் போய் நின்றேன். அவர் வேப்பம்பட்டிலிருந்து ரயில் மாறி ரயில் பிடித்து வருபவர். காலை முதல் பீரியடில் பாதிக் கண் மூடியிருக்கும், ஆனால் கேள்வி கேட்டால் விழித்துக்கொள்வார். நன்றாக இருட்டியபின் மூன்று நட்சத்திரம் வரிசையாகத் தெரியுமே, அதற்குக் கீழே பளிச்சென்று ஒன்று, அது ஒன்றா இரண்டா, அப்பா இரண்டு என்கிறாரே என்று கேட்டேன். அதன் பெயர் சிரியஸ் என்றார். ஒன்றா இரண்டா என்பதைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த நாள் வகுப்புக்குள் நுழையும்போதே, வருகைப் பதிவுகூட எடுக்காமல், என்னை எழுப்பி நிறுத்தினார்.

“உங்க அப்பா சொன்னது சரிம்மா. சிரியஸ் ரெட்டை நட்சத்திரம். பெரிசு ஒண்ணு, பக்கத்துல ரொம்ப மங்கலா சின்னது ஒண்ணு.”

ஒரு வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் உடம்பில் காட்ட முடியும், இதோ தோள்பட்டைக்குக் கீழே. ரயிலில் வரும்போது போனில் படித்திருக்கிறார். சின்னதைப் பெரிய தொலைநோக்கி இல்லாமல் பார்க்க முடியாது என்றும் அதிலேயே போட்டிருந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, உலையில் வேலை செய்கிறவர்களுக்குக் கண் வேறு மாதிரி பழகியிருக்கும் இல்லையா என்று தானே ஒரு பதிலையும் சொல்லிக்கொண்டார். பொன்னேரியில் நடக்கப்போகும் அறிவியல் கண்காட்சிக்கு இதையே வைக்கலாம் என்றார். ஆனால் ஒருவர் பார்த்தால் அது சேதி, வேறு ஆட்களும் பார்த்தால்தான் அறிவியல். ஆகவே பலரைக் கேட்டு வா என்றார்.

கேட்டேன். அம்மாவுக்கு ஒன்று. எதிர்வீட்டு அக்காவுக்கு ஒன்று. அவள் கைக்குழந்தையையும் தூக்கிக் காட்டினாள், அது கொட்டாவி விட்டது. மாமா ஒரு சாயங்காலம் வந்தபோது அவரையும் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெற்றிலை மென்றுகொண்டே அண்ணாந்து பார்த்து, ஒன்றுதான் என்றார். நைனாவுக்கு இரண்டு தெரியும், எப்போதும் தெரியும், புத்தகத்திலும் இரண்டுதான் என்று நான் படபடவென்று சொன்னேன். மாமா மெல்லுவதை நிறுத்தினார். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். ரொம்ப நாளாக என்றேன். அவர் தண்ணீர்த்தொட்டியின் பக்கம் போய்த் துப்பிவிட்டு, எனக்கு முன்னால் கீழே இறங்கிவிட்டார். இரண்டாவது நட்சத்திரத்தைத் தேடாமலேயே.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். டீச்சரின் விதிப்படி அப்பா தோற்றுவிட்டார். எல்லாருக்கும் ஒன்று, அவருக்கு மட்டும் இரண்டு. ஆனால் உண்மையில் அந்த நட்சத்திரம் இரண்டுதான். அப்படியென்றால் எல்லாரும் சேர்ந்து பொய்யைப் பார்க்கிறோம், அப்பா ஒருவர் மட்டும் மெய்யைப் பார்க்கிறார். அந்த வயதில் எனக்கு இது பிடித்திருந்தது. குழப்பமாகவும் இருந்தது, குழப்பம் பிடித்தும் இருந்தது.

கண்காட்சிக்குப் படம் வேண்டும் என்பதால் அப்பாவை மாடியில் உட்காரவைத்து, சின்னது எந்தப் பக்கம் என்று கேட்டு வரைந்தேன். சோற்றுக்கைப் பக்கம் என்றார். வரைந்தேன். வேலை அலுப்பு, வரைந்து முடிப்பதற்குள் அப்படியே பாயில் இடதுபுறமாக ஒருக்களித்து, கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்துப் படுத்துவிட்டார். சரிபார்ப்பதற்காக மறுபடி கேட்டேன்.

“இப்ப எங்க கீது நைனா?”

“மேல.”

“சோத்துக்கைப் பக்கம்னு சொன்ன?”

“சொன்னேன். இப்ப மேல கீது.”

எழுந்து உட்காரச் சொன்னேன். மறுபடி சோற்றுக்கைப் பக்கம். படுக்கச் சொன்னேன். மேலே. அப்பா சிரித்தார், தான் சொன்னபடி கேட்கிற நட்சத்திரம் என்றார். நான் சிரிக்கவில்லை. அப்பா படுத்தால் வானத்தில் ஒரு நட்சத்திரமும் சேர்ந்து புரள்கிறது. அது எப்படி?

பதில் எனக்கு அன்று வரவில்லை. இரண்டு மூன்று நாள் அந்தக் குட்டி நட்சத்திரம் என் தலைக்குள் உருண்டுகொண்டே இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது, ஆலையின் புகைபோக்கி உச்சியில் இருக்கும் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. அந்த விளக்கு ஒன்றுதான் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். பொங்கலுக்கு முன்னால் அது எரியாமல் போய், ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறி மாற்றியதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அப்பா வேலை முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மாடிக்குக் கூப்பிட்டேன். நட்சத்திரத்தைக் காட்டாமல் புகைபோக்கியைக் காட்டினேன்.

“அங்க எத்தினி லைட்டு நைனா?”

பார்த்தார். உடனே சொல்லவில்லை. ஒன்று என்று சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆலைக்குள்தானே இத்தனை வருஷம் இருக்கிறார். ஆனால் நான் கேட்டது எத்தனை இருக்கிறது என்று இல்லை, எத்தனை தெரிகிறது என்றுதான் என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“ரெண்டு” என்றார்.

ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணை மூடினால் ஒன்று. இடது கண்ணை மூடினால் இரண்டு. அவர் மாற்றி மாற்றி, கையால் பொத்திப் பொத்திப் பார்த்தார். தனியாக இருக்கும்போது இதை முன்பே செய்துபார்த்தவர் போல இருந்தது அந்தக் கை போன வேகம்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன். மாமாவிடம்? அதுவும். அப்பா கண்ணைப் பொத்திய கையை இறக்கினார். பிறகு பசிக்கிறது, வா என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா நேரத்துக்கு மாமா வந்தார். இட்லிக்கு வடகறி. வழக்கமாகத் தெருமுனையிலேயே அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருபவர், அன்றைக்குச் செருப்பை ஓசையில்லாமல் கழற்றிவிட்டு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“மச்சான், ரெண்டு தெரியுதாமே.”

“அது பாப்பா இன்னாத்தயோ ஸ்கூலுக்காகச் சொல்லிக்கினு கீது.”

“பாப்பாவ உடு. நான் கேக்கறேன். மேல குந்திக்கினு நான் உன் கையத்தான் பாக்கறேன். நீ தொட்டியப் பாக்கற. எந்தத் தொட்டியப் பாத்து எனக்குக் கை காட்டற?”

அப்பா இட்லியைப் பிய்த்தபடியே சொன்னார். “ரெண்டுல பளிச்சுன்னு கீறது நெசம். மங்கலா கீறது பொய். எனக்குத் தெரியாதா?”

“பொகை ஜாஸ்தியா கீற அன்னிக்கி ரெண்டும் மங்கலாத்தான கீது.”

அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது; நட்சத்திரப் பேச்சு எல்லாமே அவளுக்குக் டீக்காகக் கீழே ஓடுகிற புருஷனின் குறும்புதான்.

“மார்ச்சு வரைக்கும் உடு மச்சான்” என்றார் அப்பா. “போர்மேன் ஆயிட்டா நான் கை காட்டவே வேணாம்.”

“மார்ச்சு வரைக்கும் கீழ நிக்கிற பசங்க?”

மாமா தட்டில் கை கழுவினார். தான் ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை என்றார். ஆனால் நாளையிலிருந்து இந்தக் கைக்குக் கிரேன் ஓட்டப்போவதும் இல்லை. லீவு போட்டுவிட்டு வீட்டில் இருப்பார், கேட்டால் வயிற்றுவலி என்பார். எத்தனை நாளைக்கு வயிற்றுவலி வரும் என்பதை மச்சானே முடிவு பண்ணிக்கொள்ளட்டும். அவ்வளவுதான். அம்மா அவரைப் பார்த்துக் கூடப்பிறந்தவனா நீ என்று கேட்டாள். அவர் கூடப்பிறந்ததால்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததால் ஊர்க்கண் பட்டுவிட்டது என்று அம்மாவுக்கு ஒரு கணக்கு. உப்பும் மிளகாயும் எடுத்து அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்துச் சுற்றிப் போட்டாள். நெடி பலமாகத்தான் ஏறியது. மறுநாள் காலை அதே அம்மாதான் அப்பாவை ரயிலேற்றி, சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டில் எதை அவள் நம்பினாள் என்று நான் கேட்டதில்லை. இரண்டையும் நம்பியிருக்கலாம். எனக்கே இப்போது சில ராத்திரிகளில் அப்படித்தான் இருக்கிறது.

வலது கண்ணில் புரை. இந்த வயதுக்கு வரக் கூடாதே, என்ன வேலை என்று டாக்டர் கேட்டாராம். உலை என்றதும் தலையாட்டினாராம், எதிர்பார்த்ததுதான் என்பது போல. எதிர்பார்த்த ஒன்றை ஏன் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அம்மா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக் கேட்டாள். ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்துச் சில நாள் கழித்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பா மாடிக்கு வந்தார். தென்கிழக்கே பார்த்தார். ஒன்று என்றார். அதற்கப்புறம் அங்கேயே நின்றார், எங்களோடு சேர்ந்து இரண்டாவதைத் தேடிக்கொண்டு. எனக்கு ஏனோ அழுகை வந்தது. நல்ல விஷயத்துக்குத்தானே அழுகிறோம் என்றும் சரியாகத் தெரியவில்லை. என் அப்பாவிடமிருந்து ஒரு நட்சத்திரத்தை எடுத்துவிட்டார்கள் என்றே இருந்தது.

ஆலையில், கண் ஆபரேஷன் ஆன ஆளை உலைப்பக்கம் விட முடியாது என்றுவிட்டார்கள். சரியாகத் தெரியாதபோதெல்லாம் அங்கே நின்றவரை, சரியாகத் தெரிந்ததும் வெளியே அனுப்பினார்கள். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் வேலை. போர்மேன் வேறொருவர் ஆனார். மாமாவின் வயிற்றுவலியும் அன்றே தீர்ந்தது. அப்பாவும் மாமாவும் அடுத்த பொங்கல் வரை பேசிக்கொள்ளவில்லை.

நடுவில் அந்தக் கண்காட்சி. நான் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லி, எழுதிப் படம் வரைந்திருந்த அட்டையை எடுத்துவிடலாம் என்றேன். சிரியஸ் ரெட்டை நட்சத்திரம் என்று எழுதியிருப்பது உண்மைதானே, அதை ஏன் எடுக்க வேண்டும் என்றார். அதுதான் எனக்கும் புரியவில்லை. அட்டையில் எழுதியிருப்பது உண்மை. அதற்குக் கீழே வரைந்திருப்பது அப்பாவின் புரை. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. டீச்சரும் நானும் அந்த அட்டையின் முன்னால் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் அட்டை அப்படியே கண்காட்சிக்குப் போனது.

பொன்னேரியில் என் மேசைக்கு அடுத்த மேசையில், ஊசி போடும் சிரிஞ்சுகளில் தண்ணீர் நிரப்பி ஒரு பையன் கிரேன் செய்து வைத்திருந்தான். கூட்டமெல்லாம் அங்கேதான். நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியர் என் அட்டையைப் படித்துவிட்டு, இரண்டைப் பார்த்த அந்த அப்பா யார் என்று கேட்டார். அப்பா கறுப்புக் கண்ணாடியோடு பின்னால் நின்றிருந்தார், லாரிக்காரர்களிடம் சொல்லிவிட்டு அரைநாள் லீவில் வந்தவர். முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டார்.

“இப்ப ஒண்ணுதான் சார் தெரியுது. நல்ல டாக்டரு.”

பேராசிரியர் சிரித்துவிட்டார். அப்படியானால் மகள் எழுதியது தப்பா என்று கேட்டார்.

“பாப்பா எழுதினது தப்பு இல்ல சார். எனக்கு அப்ப ரெண்டு தெரிஞ்சுது. தெரிஞ்சத சொன்னேன், அது எழுதிச்சு.”

பேராசிரியர் பேனாவைத் திறந்தார், மூடினார், சிரிஞ்சுக் கிரேனின் பக்கம் போனார். பரிசு அதற்குத்தான். வரும் வழியில் ரயிலில் அப்பா அந்தக் கிரேனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கொக்கி மட்டும் சரியில்லை என்றார்.

இப்போது நான் செய்கிற வேலை உங்களுக்குத் தெரியும். தொலைநோக்கி எடுத்த படங்களில் பிரகாசமான நட்சத்திரத்தின் பக்கத்தில் மங்கலாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுவது. சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் குதிக்காதே, கேமராவைத் திருப்பிவைத்து மறுபடி எடு. வானத்தோடு நிற்பது வானத்தினுடையது. கேமராவோடு சேர்ந்து சுற்றுவது நம்முடையது. நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். பாயில் ஒருக்களித்துப் படுத்த ஒரு மனிதர் எனக்கு இதைத் தெரியாமலேயே செய்துகாட்டியிருக்கிறார். ஆனால் அந்தப் பாடம் ஒன்றைச் சொல்வதில்லை. நம்முடையது என்று தெரிந்தபின் அந்தப் புள்ளியை அழித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். அப்பா விஷயத்தில் அழிக்க வேண்டியது அந்தப் புள்ளியா, அந்த வேலையா, அந்த மார்ச் மாதமா? நான் உண்மையைக் கண்டுபிடித்தேன். அது அவர் கண்ணைக் காப்பாற்றியது, யாரோ சில பையன்களையும் காப்பாற்றியிருக்கலாம், அவர் விரும்பியதை எடுத்துக்கொண்டும் போனது. அது நல்லதா என்று யாராவது கேட்டால் தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறேன் என்பதைப் பொறுத்து என் பதில் மாறுகிறது.

போன மாதம் ஒரு காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாமா இன்னும் அதே கிரேனில்தான் இருக்கிறார். திரும்பும்போது பைக்கில் என்னை ஸ்டேஷனில் விட்டார். எதிரே வரும் லாரி விளக்கெல்லாம் இப்போது பூ மாதிரி விரிகிறது, பார்க்க அழகாக இருக்கிறது என்றார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது என்று அவரே தொடர்ந்து சொன்னார், நான் எதுவும் கேட்காமலேயே.

அங்கே பிறந்ததுதான் உங்களிடம் சொன்ன யோசனை. ஷிப்ட் முடிந்து ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும் முனையில் சாயங்காலம் நாம் நின்று, வானம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, சிரியஸைக் காட்டி எத்தனை தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்பது. இரண்டு என்பவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. எளிது, செலவில்லை, யாரும் வெட்கப்பட வேண்டாம். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நான் அன்றிரவே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

“அவங்களுக்குத் தெரியாம அவங்க கண்ண டெஸ்ட் பண்ணுவியா?” என்றார்.

“தெரிஞ்சா எல்லாரும் ஒண்ணுன்னுதான் சொல்லுவாங்க, நைனா.”

“சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்சிருந்தா நானும் அன்னிக்கி அதத்தான் சொல்லியிருப்பேன்.”

அந்தப் பக்கம் ஒரு லாரி எடைமேடையில் ஏறும் சத்தம் கேட்டது. உனக்கு என் மேல் கோபமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவர்தான் பேசினார். “கண்ணு போயிருக்கும், அது வாஸ்தவம். ஆனா அது என் கண்ணு பாப்பா. நான் சொல்றதுக்கு முன்னாடி உங்க மாமனுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை அது.

சொல்லாமல் கேட்டால் சரியான விடை கிடைக்கும், ஆனால் அது திருடினது. சொல்லிவிட்டுக் கேட்டால் பொய் கிடைக்கும். எது அறிவியல் என்று நம்மில் யாருக்காவது நிச்சயமாகத் தெரிந்தால் எழுதுங்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே இப்படிச் செய்துபார்க்கப் போகிறேன்: வருகிற ஞாயிறு, அதே பஸ் முனை. எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது. சொல்கிற பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது எப்படி, தலையைச் சாய்த்தால் எது புரளும், எது புரளாது என்று கற்றுக்கொடுப்பது. எத்தனை தெரிந்தது என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம். நாம் கேட்கவும் வேண்டாம். மறுநாள் காலை ஆஸ்பத்திரியின் கண் பரிசோதனை வண்டி எங்கே நிற்கும் என்று மட்டும் எல்லாருக்கும் ஒன்றுபோலச் சொல்லி அனுப்பிவிடுவது. நமக்கு ஒரு விடையும் கிடைக்காது. பலித்ததா என்றுகூடத் தெரியாமல் போகலாம்.

மாமாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவர், நான் பார்க்கும்போது நீ என் மூஞ்சியைப் பார்க்கமாட்டியே என்று கேட்டார். மாட்டேன் என்றேன். முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் தென்கிழக்கே தலையைச் சாய்த்து நிற்கும்போது நான் மேற்கே பார்த்து நிற்க வேண்டும். திரும்பாமல் இருக்க முடிகிறதா என்று பார்க்கிறேன்.